வலப்பக்கம் சுற்றும் உத்திராட்சம்

அசல் உத்திராட்சம் எது, போலி எது என்று தெரியாமல் மக்கள் ஏமாந்துகொண்டிருந்தார்கள். இதைக் கண்டு மனம் பொறுக்காத ஒருவர், மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த மாடியை வாடகைக்குப் பிடித்துப் பலகை மாட்டினார். 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள். உங்கள் உத்திராட்சத்தை இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறோம்.' இலவசம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

ஒரே மாதத்தில் வரிசை மாடிப்படியை விட்டு இறங்கி, நடைபாதை முழுக்க நீண்டு, பேருந்து நிறுத்தத்தைத் தொட்டது. பேருந்துக்காக நின்ற சிலர் தெரியாமல் இந்த வரிசையில் நகர்ந்து மேலே போய், கழுத்தில் மாலையோடு இறங்கிவந்தார்கள். போக வேண்டிய ஊருக்குப் போகவில்லையே என்று ஒருவரும் வருத்தப்படவில்லை. வக்கீல் வந்தார், வங்கி மேலாளர் வந்தார். இயற்பியல் வாத்தியார் ஒருவர் வாரம் இரண்டு முறை வந்தார்.

மேலே இருந்தவரை எல்லோரும் மணி ஐயா என்றார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும். கொண்டுவந்த மணியை வாங்கி, சிவப்பு நூலில் கோத்து, செப்புத் தட்டுக்கு மேலே இரண்டு விரலால் தொங்கவிடுவார். மணி வலப்பக்கம் சுற்றினால் அசல். இடப்பக்கம் சுற்றினால் போலி. தீர்ப்பை மைக்கில் சொல்வார். ஒலிபெருக்கி வழியாக அது பேருந்து நிறுத்தம் வரை கேட்கும். போலி மணி வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பதால் அதை அங்கேயே ஒரு பிரம்புக் கூடையில் போட்டுவிட வேண்டும். ஓடுகிற தண்ணீரில் அதை விடும் பாரத்தை ஐயாவே ஏற்றுக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய மச்சான் கண்ணாடி அலமாரியைத் திறந்து, சான்றிதழோடு, வெள்ளி மூடி போட்ட அசல் மணியை எடுத்துக் கொடுப்பார், இது மட்டும் இலவசம் கிடையாது.

வெளியிலிருந்து வந்த மணி ஒன்றுகூட வலப்பக்கம் சுற்றியதில்லை. அலமாரியிலிருந்து எடுத்த மணி ஒன்றுகூட இடப்பக்கம் சுற்றியதில்லை. இதில் யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. ஐயாவிடம் இருப்பதுதான் அசல் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று இதையே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அதே தெருவின் மறுகோடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே கண் பார்த்துப் பவர் எழுதிக்கொடுக்கிற பெண்ணைத் தெருவில் கண்ணாடிக்காரி என்பார்கள். மணி ஐயாவை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். பூதக்கண்ணாடியை அவர் கண்ணுக்கும் மணிக்கும் நடுவே ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். அந்தத் தூரத்தில் அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். மனிதர் தலையாட்டித் தலையாட்டி அதைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். தன் சொந்த அண்ணனே அந்த வரிசையில் நின்று மணி வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்த நாளில் அந்தச் சிரிப்பு அவளுக்கு அடைத்துப்போயிற்று.

அண்ணன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். மூன்று வருடமாக அவன் கண்ணில் அழுத்தம். வலிக்காது, சிவக்காது, உறுத்தாது. பார்வை மட்டும் ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே வரும். சுருங்கியது திரும்பாது. தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விட்டால் இருப்பது நிற்கும், அவ்வளவுதான். அவன் சொட்டு விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. சொன்னது அண்ணி.

கண்ணாடிக்காரி அன்றைக்குக் கடையைப் பாதியில் மூடிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் சட்டைக்கு வெளியே மணியைத் தொங்கவிட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சொட்டு எங்கண்ணா?"

"மருந்து பட்டா மணியோட சக்தி இறங்கிடும். ஐயா சொல்லியிருக்காரு."

"டாக்டர் என்ன சொல்லியிருக்காரு?"

"அவரு மூணு வருஷமா விடு விடுங்கறாரு. தீர்ந்துச்சா? ஐயா தொண்ணூறு நாள்ல தீரும்னு கணக்காச் சொல்லிட்டாரு."

"தொண்ணூறு தாண்டி முப்பது ஆச்சே."

"நடுவுல முடி வெட்டறப்ப மணியைக் கழட்டி வச்சுட்டேன். அதனால மொதல்லேர்ந்து எண்ணணுமாம்."

அண்ணி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "இந்த மாசம் மட்டும் லாரியோட இடது பக்கக் கண்ணாடி ரெண்டு தடவை உடைஞ்சுது. கேட்டா, ரோடு குறுகிப்போச்சுங்கறாரு."

"குறுகித்தான் போச்சு," என்றான் அண்ணன்.

கண்ணாடிக்காரி அவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் வலது கண்ணை மூடச் சொன்னாள். தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, கையை அவனுடைய இடது பக்கமாக நீட்டி விரல்களைக் காட்டினாள்.

"எத்தனை?"

"ரெண்டு."

அவள் காட்டியது நான்கு. கையை இன்னும் உள்ளே கொண்டுவந்தாள்.

"இப்போ?"

"நீ ஆட்டிக்கிட்டே இருந்தா எப்படிச் சொல்றது?"

அவள் கையை ஆட்டவே இல்லை. போன வருடம் இதே இடத்தில் சரியாகச் சொன்னவன். அழுகையும் வந்தது, அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்றும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, லாரி முதலாளிக்குப் போன் போட்டு, அண்ணனுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் வரமாட்டான் என்று சொன்னாள்.

மறுநாள் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். அவர் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டாள். எதைப் போட்டாலும், "ஆகா, இதுதான் பளிச்சுன்னு இருக்கு," என்றார். இப்படிப்பட்டவர்களுக்கு அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்பு போட்ட அதே கண்ணாடியைக் கழற்றி, புதிதாக எடுப்பதுபோல் பெட்டியில் கொஞ்சம் துழாவி, அதையே மறுபடி போடுவாள்.

"இது எப்படி இருக்கு?"

"சே, இது முன்னதுக்குக் கால் தூசி பெறாது," என்றார் பெரியவர்.

கண்ணாடிக்காரிக்கு அண்ணனின் மணி ஞாபகத்துக்கு வந்தது. பிறகு சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, அந்த மணியை ஐயாகிட்டயே இன்னொரு தடவை காட்டேன்."

"எதுக்கு? அது அசல். மணியோட போட்டோ ஒட்டின சான்றிதழ் இருக்கு."

"அசல்னா பயம் என்ன? வெள்ளி மூடியைக் கழட்டிடு. கறுப்புக் கயிறுல கட்டிக் கொண்டுபோய்க் குடு. எங்க வாங்கினதுன்னு சொல்லாத."

"நான் பொய் சொல்லமாட்டேன்."

"பொய் வேணாம். கேட்டா, 'வாங்கினது'ன்னு மட்டும் சொல்லு."

அண்ணன் யோசித்தான். அவனுக்கும் தங்கையின் வாயை அடைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. "சரி. வலது பக்கம் சுத்தினா நீ இனிமே சொட்டுங்கற பேச்சை எடுக்கக் கூடாது."

"சுத்தலைன்னா?"

"சுத்தும்."

"சுத்தலைன்னா சொட்டு விட்டுக்குவியா?"

"விட்டுக்கறேன். ஆனா சுத்தும்."

மணி ஐயாவுக்கு ஞாபகசக்தி நன்றாக இருந்துவிட்டால் அண்ணனின் கண் போயிற்று. அந்த மனிதர் ஒரு முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளாத அளவுக்குக் கூட்டம் வந்திருக்க வேண்டும் என்று, வாழ்க்கையில் முதல் முறையாக, அந்தக் கூட்டத்தை நம்பினாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நின்ற அண்ணனும் தங்கையும் பதினொன்றரைக்கு மேசைக்கு வந்தார்கள். மணி ஐயா அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. கறுப்புக் கயிற்றைப் பார்த்தார், அதுவே போதுமானதாக இருந்தது. பூதக்கண்ணாடியைத் தூக்கி ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கினதுங்க."

"பிளாட்பாரத்துலயா? தெரியுது." மணியைச் சிவப்பு நூலில் கோத்துத் தட்டுக்கு மேலே பிடித்தார். அது இடப்பக்கமாக, நல்ல வேகத்தில் சுற்றியது. ஐயா மைக்கை இழுத்தார். "போலி. இது மரத்துல காய்ச்சதே இல்லை, மிஷின்ல செஞ்சது. இதைக் கழுத்துல போட்டுக்கிட்டு நீங்க உயிரோட நிக்கறதே பெரிசு. கூடையில போடுங்க."

அண்ணன் நகரவில்லை. "ஐயா, இன்னொரு தடவை பாருங்களேன்."

ஐயா பார்த்தார். மணி இன்னும் வேகமாக இடப்பக்கம் சுற்றியது. "நூறு தடவை பார்த்தாலும் போலி போலிதான்."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து வெள்ளி மூடியையும் சான்றிதழையும் எடுத்து மேசைமேல் வைத்தான். சண்டைக்கு வந்தவன்போல வைக்கவில்லை. வாங்கிய இடத்திலேயே பழுது பார்க்கக் கொடுப்பவன்போல வைத்தான். "இது நீங்க குடுத்தது ஐயா. துளைக்குப் பக்கத்துல வெள்ளைத் தழும்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. போட்டோவுலயும் இருக்கு."

வரிசையில் முன்னால் நின்ற பத்துப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். தழும்பு இருந்தது.

மணி ஐயா அசரவில்லை. "மருந்து பட்டிருக்கும். சக்தி இறங்கியிருக்கும். சொன்ன பேச்சைக் கேக்காம மருந்து எடுத்திருப்பீங்க."

"இல்லைங்க," என்றான் அண்ணன். "நாலு மாசமா ஒரு சொட்டுகூட விடலை."

"அப்ப சந்தேகப்பட்டிருப்பீங்க."

"அதுவும் படலைங்க. உங்களுக்காக என் தங்கச்சிகூட சண்டை போட்டேன்." அவன் குரல் இறங்கியது. "எனக்கு ரோடு பாதிதான் தெரியுது ஐயா. அப்பவும் சந்தேகப்படலை."

கண்ணாடிக்காரி முன்னால் போனாள்.

"ஐயா, தப்பு மணியில இருக்கலாம். அதை விட்டுடுவோம். உங்க அலமாரியில இருக்கறதுலயே ஒசத்தியான மணியை எடுங்க. நூலைக் கையில பிடிக்காம இந்த மைக் ஸ்டாண்டுல கட்டித் தொங்கவிடுங்க. சக்தி மணிக்குத்தானே, விரலுக்கு இல்லையே."

"அதெல்லாம் முறை கிடையாது."

"கட்டித்தான் பாருங்களேன்," என்றார் வரிசையில் நின்ற இயற்பியல் வாத்தியார். இத்தனை நாளில் அவர் தன் பாடத்தை ஒட்டிப் பேசியது அதுதான். அவரே போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார்.

வேறு வழியில்லாமல் மச்சான் ஒரு மணியைக் கட்டினார். நூலின் முறுக்கு அவிழும் வரை அது இப்படியும் அப்படியும் திரும்பிவிட்டு நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். அறுபது எழுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கொட்டை சும்மா தொங்குவதை மூன்று நிமிடம் பார்த்தார்கள். அடுத்த மணியைக் கட்டினார்கள். அதுவும் சும்மா தொங்கியது. கூடையிலிருந்து ஒரு போலியை எடுத்துக் கட்டினார்கள். அதற்கும் அலமாரி மணிக்கும் நடத்தையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

மணி ஐயா மச்சானின் காதருகே குனிந்தார். "மொதல்ல கூடையை உள்ள தூக்கிட்டுப் போ. இதைத்தான் எண்ணெய் போட்டுத் துடைச்சு அலமாரியில வைக்கறோம்னு எவனாவது கண்டுபிடிச்சுடப் போறான்."

மைக் ஸ்டாண்டில் மணியைக் கட்டினார்களே தவிர, மைக்கை யாரும் அணைக்கவில்லை. இந்தச் சேதி பேருந்து நிறுத்தம் வரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஏறிவந்த கூட்டத்தை மாடி கொள்ளவில்லை. துணிக்கடையில் தையல் வேலை செய்யும் அம்மா ஒருவர் அலமாரியைத் திறந்து, போன மாதம் தான் கூடையில் போட்டுவிட்டுப் போன மணியை அதிலிருந்து எடுத்தார். இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிய ஓரம் அப்படியே இருந்தது. பக்கத்தில் விலைச்சீட்டு தொங்கியது. தன் பழைய மணியையே அதைவிட அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்கியிருந்த வக்கீல் மட்டும் வாயைத் திறக்காமல் படியிறங்கிப் போனார். போலீஸ்காரர் வந்தபோது மணி ஐயா வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு, தானும் மணி வாங்க வந்தவர்தான் என்று சொல்லிப் பார்த்தார்.

அண்ணன் எதையும் பார்க்க நிற்கவில்லை. கீழே நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்காரி பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்தாள். அவன் தலையை அண்ணாந்தான்.

ஆஸ்பத்திரியில் மெஷினில் பார்த்தார்கள். இடது கண்ணில் பாதி போயிருந்தது, அது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சத்தைக் காப்பாற்றலாம். லாரி ஓட்டுவது அன்றோடு நின்றது. இப்போது அவன் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், மற்றவர்களின் லாரிக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டு வாரம் கழித்து, சொட்டு விட்டுக்கொள்ள அண்ணன் கடைக்கு வந்திருந்த நேரம் பார்த்து, இயற்பியல் வாத்தியாரும் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் கண்ணாடிச் சட்டங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, அந்த ஆள்தான் பித்தலாட்டம். அப்ப அசல் மணி எங்கதான் கிடைக்கும்? பக்கத்து டவுன்ல ஒருத்தர் வந்திருக்காராம். அவரு நூல்ல எல்லாம் பார்க்கறதில்லையாம். தண்ணியில போட்டுப் பார்க்கறாராம்."

கண்ணாடிக்காரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் முந்திக்கொண்டான். கண்ணில் விட்ட மருந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்காமலே சொன்னான்.

"நானும் மணியையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன் சார். அதைச் சுத்தற விரலைப் பார்க்கணும்னு தோணறதுக்குள்ள எனக்கு ஒரு கண்ணு பாதி போயிடுச்சு. உங்களுக்கு ரெண்டும் முழுசா இருக்கு, மேல படிப்பு வேற இருக்கு. நீங்க எது போறதுக்கு சார் காத்துக்கிட்டு இருக்கீங்க?"