எத்தனை பேரு இருக்கீங்க?

வைஃபை அடாப்டர் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. சுகுமாறனின் பிழைப்பு முழுக்க அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தது.

கூலாய்க்கு வீடு மாறிய அன்று அடித்த மழையில் அவன் லேப்டாப் நனைந்து செத்துப்போயிற்று. சிங்கப்பூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சரக்குக் கணக்கு பார்க்கும் வேலை. இன்டர்நெட் லைன் இல்லையென்றால் பழையபடி விடியுமுன் எழுந்து சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டவேண்டும். மனைவி மலர் நிறைமாதமாகப் பெக்கோக் ஊரில் அம்மா வீட்டில் இருந்தாள். பாலத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வலி எடுத்துவிட்டால்?

நல்லவேளையாக, வாடகை வீட்டின் பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது.

"முன்ன குடியிருந்தவங்களோடது தம்பி. வேணும்னா யூஸ் பண்ணிக்குங்க," என்று வீட்டுக்காரர் மெய்யப்பன் மூவார் ஊரிலிருந்து போனில் சொல்லியிருந்தார். முன்கேட்டின் சாவி மட்டும் அவரிடம் இல்லை. அதனால் சுகுமாறன் பின்சந்து வழியாக வந்து, பின்னறையிலேயே படுத்து, பின்னறையிலேயே வேலை பார்த்தான். முன்பக்கத் திரைச்சீலையை அவன் விலக்கியதே இல்லை. வீட்டுக்குள் போன் சிக்னலும் எடுக்காது. பேசவேண்டுமென்றால் சந்துக்குத்தான் போகவேண்டும்.

வைஃபை வசதி இல்லாத அந்தக் கம்ப்யூட்டரில் அடாப்டரைச் செருகி, கூடவே வந்த டிஸ்கிலிருந்து டிரைவரை ஏற்றினான். திரையில் சில வைஃபை லைன்களின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. பாஸ்வர்ட் பூட்டு இல்லாதது ஒன்றே ஒன்று. 'ரூமா கித்தா.' மலாயில், நம்ம வீடு.

'நம்ம லைன் வர்ற வரைக்கும்தானே' என்று மனசாட்சியைத் தட்டிக்கொடுத்துவிட்டு அழுத்தினான். பிடித்துக்கொண்டது. மத்தியானம்வரை வேலை வழுக்கிக்கொண்டு போனது.

பிறகு அறுந்தது. பட்டியலில் 'ரூமா கித்தா' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு பெயர்.

'யாரு அது?'

சுகுமாறன் திரும்பிப் பார்த்தான். சுவரில் பல்லி மட்டும் இருந்தது.

அடாப்டர் கோளாறாக இருக்கும் என்று முடிவுகட்டி, டிரைவரை அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றினான். அதே லைனை அழுத்தினான். பிடித்தது. ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு வருவதற்குள் மறுபடியும் அறுந்தது.

'மறுபடியும் வந்துட்டியா?'

கோப்பி தொடையில் கொட்டியது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சந்துக்கு ஓடி, அடாப்டர் விற்ற கடைக்காரன் ஜீவனைக் கூப்பிட்டான்.

"ஜீவன், உன் அடாப்டர் என்கிட்ட பேசுதுடா!"

"அலமாக்! என்னண்ணே பேசுது?"

"யாருன்னு கேக்குது!"

"அது ஒண்ணுமில்லண்ணே. ரவுட்டர் உங்க மெஷின அடையாளம் வச்சுக்கிட்டு வெட்டுது. அடாப்டர் செட்டிங்ல அட்ரஸ் மாத்திக்கிட்டே இருக்கற மாதிரி ஒண்ணு இருக்கும். அதப் போட்டு விடுங்க. ஒவ்வொரு தடவையும் புது மெஷின் வந்த மாதிரி காட்டும். அதுக்கப்புறம் வெட்டாது லா."

போட்டுவிட்டான். லைன் பிடித்தது, அறுந்தது, பிடித்தது, அறுந்தது. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தான். கடைசியில் பட்டியலில் வந்து நின்ற பெயரைப் பார்த்ததும் அவன் விரல் மவுசிலேயே விறைத்துப்போனது.

'எத்தனை பேரு இருக்கீங்க?'

அவன் அறையை எண்ணிப் பார்த்தான். நிச்சயமாக ஒருவன்தான்.

அடாப்டரைப் பிடுங்கினான். கொஞ்ச நேரம் கழித்து, வேலை போய்விடுமே என்ற பயம் மற்ற பயத்தை ஜெயித்ததும், கண்ணை மூடிக்கொண்டு செருகினான்.

'என்ன வேணும் சொல்லு.'

"ஒண்ணும் வேணாம்! லைன் மட்டும் போதும்!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு மெய்யப்பனுக்குப் போன் செய்ய மழையிலேயே சந்துக்கு ஓடினான்.

"ஐயா, முன்ன குடியிருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க?"

மெய்யப்பன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"கிருஷ்ணம்மா. தங்கமான பொம்பள."

"எங்க இருக்காங்கன்னு கேட்டேன்."

"வீட்டுல சாகல தம்பி. சத்தியமா. ஆஸ்பத்திரியிலதான்."

சுகுமாறனுக்கு முதுகில் மழைநீர் ஓடுகிறதா வேர்வை ஓடுகிறதா என்று தெரியவில்லை. ஓட்டமாக உள்ளே வந்து, சாமான் மூட்டையைப் பிரித்து, மலர் கட்டிக்கொடுத்த சாம்பிராணியைத் தேடி எடுத்துக் கொளுத்தினான். மூலைமுடுக்கெல்லாம் புகை காட்டினான். "அம்மா தாயே, கோவிச்சுக்காதீங்க. பொண்டாட்டி மாசமா இருக்கா. ஒரு வாரம் பொறுத்துக்குங்க," என்று சத்தமாகவே வேண்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

புகை நடுவே திரையைப் பார்த்தான்.

'சாம்பிராணி வாசம் வருது.'

அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. பேய்க்குக் காது இருக்கலாம், கண் இருக்கலாம். மூக்கும் இருக்கிறது என்றால் அந்த வீட்டில் மனிதனுக்கு வேலையில்லை. பாலமாவது பரவாயில்லை. அங்கே இருப்பவர்கள் உயிரோடாவது இருக்கிறார்கள்.

சாம்பிராணிக் கரண்டியும் கையுமாகப் பின்கதவை நோக்கி நடந்தவன் நின்றான். வீட்டின் முன்னாலிருந்து உடுக்கைச் சத்தம் கேட்டது. கூடவே கேட்டின் பூட்டை யாரோ உடைக்கும் சத்தம்.

சாமியே உதவிக்கு வந்துவிட்டதாக நினைத்து, வந்த நாள் முதல் தொடாத முன்கதவைத் திறந்தான்.

மழை விட்டிருந்தது. நெற்றி நிறைய விபூதியும் கையில் வேப்பிலையுமாகப் பூசாரி அர்ச்சுனன் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மூர்த்தி, மனைவி மக்களோடு ஒண்டிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த போனில் ரவுட்டர் பட்டியல் திறந்திருந்தது.

"இதான் சாமி அந்த வீடு!" என்றார் மூர்த்தி. "அந்தம்மா போனதுலேருந்து பூட்டியேதான் கெடக்கு. இன்னிக்கு எங்க ரவுட்டர்ல 'கிருஷ்ணம்மா'ன்னு பேரு வருது. வெட்டிவிட்டா திரும்ப வருது. அப்புறம் பாத்தா ஒண்ணு, ரெண்டு, ஏழு கிருஷ்ணம்மா! பாஸ்வர்ட் போட்டா கோவிச்சுக்குமோன்னு பயந்து, லைன் பேர மாத்தி மாத்திக் கேட்டுப் பாத்தோம். பதிலே இல்ல சாமி!"

சுகுமாறன் பின்னறையைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு அந்தம்மா தன் பேரையேதான் வைத்திருக்கவேண்டும்.

பூசாரி அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். சிவந்த கண், நனைந்த முடி, கையில் புகை. மெல்லப் பின்னால் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கிருஷ்ணம்மா ஆம்பள உருவத்துல வந்திருக்கு. யாரும் பயப்படாதீங்க, மொதல்ல இதக் கட்டிப் போடுவோம், மிச்ச ஆறும் உள்ளதான் இருக்கும்."