எட்டுப் பேருக்கும் முதல் வரிசை

திருப்போரூர்,
16-8-2008, சனிக்கிழமை

அன்பு மச்சான் சரவணகுமாருக்கு,

மாமா துரை எழுதுவது. நம் கோயில் கந்தசாமி புண்ணியத்தில் நானும் உன் அக்கா அம்சாவும் கல்யாணியும் சுகம். பெங்களூரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கல்யாணி ஜெயித்துவிட்டாள் மச்சான்! படிப்பை முடித்து ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்த என் பெண், இன்று காலை பதினொரு மணிக்கு நம் பிரவுசிங் சென்டரில் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் மைக்கையும் ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, புனேயில் இருக்கும் அதிகாரிக்கு இன்டர்நெட் வழியாகவே நேர்காணல் கொடுத்தாள். கடைசியில் அவர் "வெரி குட்" என்று சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அரை மணி நேரம் நான் பட்ட பாடு இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வேண்டாம்.

உன் ஆபீசில் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து அனுப்பினாயே, எட்டு கம்ப்யூட்டரையும் இணைக்கும் அந்த சுவிட்ச் பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் இன்டர்நெட்டுக்குப் போக ஒரே ஒயர்தான், யாரை முதலில் விடுவது என்று சுவிட்ச் பார்த்துக்கொள்ளும், கல்யாணி பேசும்போது ஒன்றாம் நம்பரை மட்டும் 'ஹை'யில் வை, மற்ற ஏழையும் 'லோ'வில் போடு என்று நீ சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இது தெரியாதா? எல்லாவற்றையும் சரியாகத்தான் போட்டேன். தப்பு எங்கே என்றால், நல்ல காரியம் நாலு பேர் இல்லாமல் நடக்கக் கூடாது என்று சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் எல்லாரையும் வரச்சொல்லி, வந்தவர்கள் சும்மா உட்காரக் கூடாதே என்று ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் காசு வாங்காமல் திறந்துவிட்டேன். அதோடு விட்டேனா? சுவிட்சை மாற்றியமைக்கத் திரையில் திறக்கும் பக்கத்தில் ஒவ்வொரு நம்பருக்கும் நேராகப் பெயர் எழுத இடம் இருந்தது. மெனக்கெட்டு ஏழு பேர் பெயரையும் எழுதிவைத்தேன்.

என் அண்ணன் கேசவன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று அதைப் படித்துவிட்டார். "இன்னாடா துரை, எம் பேருக்கு நேரா லோன்னு போட்டுகீது? உன் கல்யாணத்துல மொத பந்தில குந்துனவன்டா நானு. இப்போ லோவா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கோபித்துக்கொண்டு போனால் நாளைக்குக் கல்யாணி கல்யாணத்துக்கு யார் முன்னால் நிற்பது? அவரை 'ஹை'யில் தூக்கிவைத்தேன். உடனே பூக்கடை கன்னியம்மா, துபாயில் இருக்கும் மகனோடு கேமராவில் பேசிக்கொண்டிருந்தவள், "அவுரு ஒசத்தி, நா மட்டும் இளிச்சவாயா? எம் புள்ள மூஞ்சி அசையாம நின்னுகினு கீது பாரு" என்றாள். அவளையும் தூக்கினேன். ஒருவரைத் தூக்கி ஒருவரை விட முடியுமா? ஐந்து நிமிஷத்தில் எட்டுப் பேரும் 'ஹை'யில் இருந்தார்கள். யாருக்கும் மனக்குறை இல்லை, எனக்கும் பெரிய நிம்மதி.

சரியாக அப்போதுதான் கல்யாணி முகம் வெளிறி, "அப்பா, அவுரு பேசறது துண்டு துண்டா வருதுப்பா, நா பேசறதும் அவுருக்குக் கேக்கல போல" என்றாள். யாரும் குறை சொல்லாதபடி கல்யாணியோடு சேர்த்து எட்டுப் பேரையும் 'லோ'வில் போட்டுப் பார்த்தேன், அதே கதைதான். கேசவண்ணன் ரேக்ளா ரேஸ் வீடியோவை இறக்கிக்கொண்டிருந்தார், அவர் வேகத்தை மட்டும் குறைக்கலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தால் அவர் கண் என் கை மேலேயே இருக்கிறது. பெண்ணின் வாழ்க்கை ஒரு பக்கம் மச்சான், அண்ணன் முகம் ஒரு பக்கம். அந்த நேரம் உன் அக்கா தட்டோடு உள்ளே வந்தாள். "இன்னா அல்லாரும் பொட்டிய மொறச்சிகினு கீறீங்க? காபி ஆறிப்பூடும், மூடிட்டு வெளிய வாங்க." ஏழு பேரும் வீடியோவையும் கேமராவையும் மூடிவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த நிமிஷம் அதிகாரியின் குரல் கணீரென்று கேட்டது! கல்யாணி மடமடவென்று பத்து நிமிஷம் பேசினாள். "வெரி குட்" வந்தது. இனி நம் சென்டரில் முக்கியமான வேலை என்றால் காபிதான், சுவிட்ச் அப்புறம்தான் என்று உங்கள் ஆபீஸ் பெரியவர்களிடம் நான் சொன்னதாகச் சொல். வேலைக்கான கடிதம் வந்ததும் திருப்போரூர் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல்.

முருகன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் பிரியமுள்ள மாமா,
துரை

பி.கு: திங்கட்கிழமை. கடிதத்தை ஒட்டுவதற்குள் புனேயிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. இரண்டு நாளாக அவர்கள் ஆபீசில்தான் இணைப்பு பழுதாம், கடைசிப் பத்து நிமிஷம் கல்யாணி பேசியது ஒரு வார்த்தைகூட அவர்களுக்குக் கேட்கவில்லையாம், மன்னிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த "வெரி குட்" அங்கே வேறு யாருக்கோ சொன்னது போலிருக்கிறது. வியாழக்கிழமை சென்னை தரமணியில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். சேதி தெரிந்ததும் கேசவண்ணன் எல்லாரும் கூடப் போவதற்கு வேன் பேசிவிட்டார். கன்னியம்மா மாலை கட்டுகிறாள். கல்யாணி மட்டும் என்னிடம் தனியாக வந்து, "நா மட்டும் போயிட்டு வரேம்பா" என்றாள். வேன் வேண்டாம் என்று அண்ணனிடம் நேராகவே சொல்லிவிட்டேன். அவர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார் என்று அடுத்த கடிதத்தில் எழுத வேண்டியிருக்கும். பரவாயில்லை மச்சான். வியாழக்கிழமை காலை ஆறே கால் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட் பிடித்துக்கொடுத்துவிட்டு, நான் இறங்கிக்கொள்கிறேன்.