மச்சானைத் தவிர்க்க முள்ளம்பன்றி போட்ட விளம்பரம்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்து நின்ற பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், சடையாண்டி என்ற முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தான். நல்லவன்தான். யார் வம்புக்கும் போகமாட்டான். முதுகு நிறைய ஈட்டி வைத்திருப்பவன் வம்புக்குப் போவானேன், வம்பே விலகிப் போய்விடும். அப்படிப்பட்டவன் ஒரே ஓர் ஆளுக்குத்தான் பயந்தான். புலிக்கு இல்லை, சிறுத்தைக்கு இல்லை, மச்சானுக்கு.

மச்சான் என்றால் மனைவி வேலம்மாளின் அண்ணன் சூலப்பன். மலைக்கு அந்தப் பக்கம் வீடு. குட்டிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் பெண்டாட்டி, நாலு குட்டிகள் சகிதம் கிளம்பி, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தோம் மாப்ளே" என்று வந்து இறங்குவான். போன வருஷம் அந்த இரண்டாவது நாள் முடிவதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது. சேர்த்துவைத்த கிழங்கெல்லாம் காலி. உள்ளறையில் ஆறு பேரும் முள்ளை விரித்துப் படுத்தால் வீட்டுக்காரனுக்கு இடமேது? சடையாண்டி வளை வாசலில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகத்தான் தூங்கினான். முதுகு நனைந்து தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மும்போதெல்லாம் இரண்டு முள் உதிர்ந்தது. பாவம், பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

'வராதே' என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் காட்டில் 'தங்கல்' என்று ஓர் ஆப் வந்தது. வீட்டில் சும்மா கிடக்கிற அறையை அதில் போட்டுவிட்டால், ஊர் சுற்ற வருகிற பிராணிகள் பார்த்து, பிடித்திருந்தால் புக் செய்து, வந்து தங்கிவிட்டு, போகும்போது நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகும். சடையாண்டிக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. கோடை முழுக்க உள்ளறையை எவனுக்காவது விட்டுவிட்டால், 'அடடா, ரூம் புக் ஆயிருச்சே மச்சான்' என்று வருத்தப்பட்டே சொல்லிவிடலாம். சண்டையும் இல்லை, சங்கடமும் இல்லை.

"சும்மா கெடக்குற ரூம்தானே வேலம்மா. நாலு பேரு வந்து போனா வீடு கலகலன்னு இருக்கும்" என்றான்.

வேலம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு பேர் வந்தால் கலகலப்பு என்று சொல்கிற புருஷனை அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

சடையாண்டிக்கு இதெல்லாம் புதுசு. பொய் எழுதிப் பழக்கம் இல்லை. அதனால் இருப்பதை இருக்கிறபடி எழுதினான். 'ஒரு வளை. உள்ளே இருட்டு. மழை பெய்தால் மூலையில் ஒழுகும். சத்தம் போடக் கூடாது. கிழங்கு அறைப் பக்கம் போகக் கூடாது. பக்கத்து அறையில் முள்ளம்பன்றி இருக்கிறது, பார்த்து நடக்கவும்.' கூடவே ஒரு படம். இருட்டில் எடுத்ததால் அதில் அவனுடைய பின்பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

நாள்கள் போயின. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தவளை மட்டும் விசாரித்தது.

"ஒழுகல் வருஷம் பூரா உண்டுங்களா?"

"இல்லீங்க, மழை பெஞ்சா மட்டுந்தான்."

"அப்ப வேண்டாம்" என்று தவளை போனை வைத்துவிட்டது.

வைத்த கையோடு மறுபடி மணி அடித்தது. தவளை மனசு மாறிவிட்டதாக்கும் என்று ஆசையாக எடுத்தால், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல். "மாப்ளே! பிள்ளைங்களுக்கு லீவு விட்டாச்சு!"

சடையாண்டியின் முள் அத்தனையும் குத்திட்டு நின்றன. வாய் தானாகவே பேசியது. "அடடா மச்சான், ரூம் புக் ஆயிருச்சே! இந்தக் கோடை பூரா ஒரு குடும்பம் வருது. என்ன பண்றதுன்னே தெரியல போங்க."

"அட, அதுக்கென்ன மாப்ளே. நாங்க வேற எங்கயாச்சும் நல்ல எடமாப் பாத்துக்குறோம்" என்று சூலப்பன் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான். சடையாண்டிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தான். பின்னால் வேலம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு புக் பண்ணியிருக்கா?"

"அது... பெரிய எடம். அடுத்த வாரம் வர்றாங்க."

"வரட்டும், வரட்டும். எங்க அண்ணனையே வேண்டாம்னு சொல்ல வெச்ச அந்தப் பெரிய எடத்தை நானும் கண்ணாரப் பாக்குறேன். அடுத்த வாரம் யாரும் வரலைன்னு வெய்யுங்க, நானே நேர்ல போய் அண்ணனைக் கூட்டிட்டு வந்துருவேன். தீபாவளி கழிச்சுத்தான் அனுப்புவேன்."

தீபாவளி! சடையாண்டிக்கு அப்போதே தும்மல் வந்துவிட்டது. அடித்துப் பிடித்து வெளியே ஓடினான். வேலி மேல் வண்ணமுத்து என்கிற ஓணான் உட்கார்ந்திருந்தான். ஓடாத விளம்பரத்தை ஓடவைப்பதில் அவன் பெரிய கை என்று காடெங்கும் பேச்சு. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சடையாண்டிக்கு மடி கிடையாது. அதனால் வீட்டுக்குள் விட்டான்.

வண்ணமுத்து வளையை ஒரு சுற்று சுற்றி வந்து, விளம்பரத்தைப் படித்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டான்.

"வளைன்னு போட்டா எவன் சார் வருவான்? 'பூமித்தாயின் மடியில் ஒரு புகலிடம்'. எழுதுங்க."

சடையாண்டி எழுதினான்.

"ஒழுகும்னு வேற போட்டிருக்கீங்க."

"ஒழுகுதே?"

"'அறைக்குள்ளேயே சாரல்'. எழுதுங்க."

"இது பொய்யில்லையா தம்பி?"

"என்ன சார் பொய்? சாரல்னா என்ன? மேலேருந்து தண்ணி விழுறது. உங்க வீட்டுல விழுதா, இல்லையா?" என்று ஓணான் தலையை ஆட்டினான். ஓணான் தலையாட்டினால் எதிரில் இருப்பவனும் சேர்ந்து ஆட்டத்தான் தோன்றும். சடையாண்டி ஆட்டினான்.

போன வருஷம் மச்சான் குட்டிகள் முள்ளால் கீறிவைத்த சுவர் 'தொன்மையான சுவரோவியம்' ஆயிற்று. சத்தம் போடக் கூடாது, கிழங்கு அறைப் பக்கம் போகக் கூடாது என்ற வரிகளைப் பார்த்ததும் வண்ணமுத்துவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கூடாது கூடாதுன்னா அது வீடா, ஜெயிலா? 'உங்கள் வீடு போலவே இருங்கள். மூன்று வேளையும் கிழங்கு விருந்து உண்டு. வீட்டுக்காரரே பரிமாறுவார்'ன்னு போடுங்க. ஆமா, உங்க பேரு என்ன?"

"சடையாண்டி."

"ஜடாதரன்னு வெச்சுக்குவோம்."

பிறகு மின்மினிகளை வரவழைத்து அறையில் வெளிச்சம் போட்டு, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு படம் எடுத்தான். எலி கூட முட்டிக்கொள்கிற அந்த அறை படத்தில் யானை கட்டுகிற மண்டபம் மாதிரி தெரிந்தது. ஒரு படத்தில் மூலையில் அழகாக ஒரு செம்பருத்திப் பூ. அது பூ அல்ல, கழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு நின்ற வண்ணமுத்துவேதான். கூலியாக ஓர் எறும்புப் புற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலிக்குப் போய்விட்டான்.

மறுநாளே போன் கிணுகிணுத்தது. 'செண்பகவல்லி. குடும்பத்துடன் ஆறு பேர். அமைதியை விரும்புகிறவர்கள்.'

சடையாண்டி துள்ளிக் குதித்ததில் கூரை மண் உதிர்ந்தது. செண்பகவல்லி! பேரிலேயே வாசனை அடிக்கிறதே, நிச்சயம் மான் குடும்பம்தான். புல்லைத் தின்று, வாயை மூடிக்கொண்டு, காலை ஒடுக்கிப் படுக்கும். வேலம்மாளிடம் ஓடினான்.

"வந்தாச்சு பாரு பெரிய எடம்! செண்பகவல்லியாம், ஆறு பேராம்!"

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வேலம்மாளின் கை நின்றது. அவள் புருஷனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள்.

"நல்ல பேருங்க. உடனே கெட்டிப்படுத்துங்க. எத்தனை நாளைக்கு?"

"பதினஞ்சு நாளு."

"அது எந்த மூலைக்கு? கோடை பூரா தங்கினா சலுகைன்னு சொல்லிப் பாருங்களேன்."

பெண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சடையாண்டி மனசுக்குள் மெச்சிக்கொண்டான். சலுகை சொன்னதும் அந்தக் குடும்பம் கோடை முழுவதற்குமே ஒப்புக்கொண்டது. புக் செய்ததை ரத்து செய்ய முடியாது என்று ஆப் வேறு சத்தியம் வாங்கிக்கொண்டது.

விருந்தாளிகள் வரும் நாள். சடையாண்டி மாவிலைத் தோரணம் கட்டி, முள்ளுக்கெல்லாம் எண்ணெய் தடவிப் படிய வாரி, வாசலில் நின்றான். தூரத்தில் சத்தம் கேட்டது. சலக் சலக் சலக். மான் வந்தால் குளம்புச் சத்தமல்லவா கேட்க வேண்டும்? இது என்ன, பழகின சத்தமாக இருக்கிறதே என்று அவன் யோசித்து முடிப்பதற்குள், போனைப் பார்த்தபடியே பாதை முனையில் முதலில் திரும்பினான் சூலப்பன். பின்னால் பெண்டாட்டி. அவளுக்குப் பின்னால் நாலு குட்டிகள், போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு வளர்ந்து.

"அட, மாப்ளே!" சூலப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களும் இங்கதான் ரூம் போட்டிருக்கீங்களா? வீட்டை விருந்தாளிக்கு விட்டுட்டு நல்ல எடமாப் பாத்து வந்துட்டீங்களே, கெட்டிக்காரரு!"

"அப்பா, இது மாமா வீடுதாம்ப்பா. நான் புளியமரத்துகிட்டயே சொன்னேன்" என்றது மூத்த குட்டி.

"வாயை மூடுடா. மேப்புக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

குட்டி அதற்குள் உள்ளே ஓடிவிட்டது. "அப்பா! நான் கீறுன சுவரு!" என்று உள்ளேயிருந்து ஒரு கூச்சல். சூலப்பன் போனைப் பார்த்தான். தோரணத்தைப் பார்த்தான். எண்ணெய் தடவி நின்ற சடையாண்டியைப் பார்த்தான்.

"ஜடாதரன்?"

"நான்தான் மச்சான்" என்றான் சடையாண்டி. குரல் காற்றுப்போன பந்து மாதிரி வந்தது.

விஷயம் இதுதான். கல்யாணமான நாள் முதல் சூலப்பன் பெண்டாட்டியைச் சடையாண்டி 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவான். அவள் இவனை 'அண்ணே' என்பாள். வேலம்மாளுக்கு அவள் மதினி, குட்டிகளுக்கு அம்மா. வருஷா வருஷம் வந்து, மாசக் கணக்கில் தங்கி, கூடவே உட்கார்ந்து கிழங்கு தின்றவளுக்குச் செண்பகவல்லி என்று ஒரு பெயர் இருக்கும் என்பதே அவன் மண்டையில் ஏறியதில்லை.

வேலம்மாளைத் தனியே இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தான். "தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"கேட்டீங்களா?" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "அண்ணனுக்கு எடமில்லன்னு கூசாமச் சொன்னீங்களே, அப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களா? பொறந்த வீட்டு ஆளுங்க வருஷத்துல ஒருதடவை வர்றது உங்களுக்கு அவ்வளவு பாரமாப் போச்சா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாடகை கட்டியிருப்பாங்க, திருப்பி அனுப்புங்க. அண்ணன்கிட்ட வாடகை வாங்கினோம்னு தெரிஞ்சா காடு காறித் துப்பும்."

சடையாண்டிக்குச் சுருக்கென்றது. திருப்பி அனுப்பினான்.

இனி நடந்ததைக் கேளுங்கள். போன வருஷம் அவர்கள் சொந்தக்காரர்கள். சூலப்பன் தண்ணீராவது மொண்டு வருவான், தங்கச்சி கூடமாட நின்று கிழங்காவது தோண்டுவாள். இந்த வருஷம் அவர்கள் விருந்தினர்கள். தங்கச்சியின் கைக்குச் சும்மா இருக்க வரவில்லை, மண்வெட்டியைத் தேடினாள். சூலப்பன் தடுத்துவிட்டான். "நீ உக்காரு. வீட்டுக்காரரே பரிமாறுவாருன்னு போட்டிருக்கு. நாம எழுந்தா அவருக்கு நட்சத்திரம் கொறையும்." குட்டிகளைச் சத்தம் போடாதீர்கள் என்று சடையாண்டி அதட்டினால், மூத்தது போனைத் தூக்கிக் காட்டியது. "உங்கள் வீடு போலவே இருங்கள்னு எழுதியிருக்கீங்களே மாமா. எங்க வீட்டுல நாங்க இதைவிடக் கத்துவோம்."

கோடை மழை ஒன்று பெய்தது. மூலையில் ஒழுகியது. ஆறு பேரும் அதன் கீழே வரிசையாக நின்று, சாரல் பிரமாதம் என்று சொல்லிக் குளித்தார்கள். சடையாண்டி வழக்கம்போல வளை வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் படுத்துத் தும்மினான். தாங்க முடியாமல் ஒருநாள் வேலிக்குப் போய் வண்ணமுத்துவைப் பிடித்து உலுக்கினான். "யாருமே வராத எடத்துக்கு ஆறு பேரை வரவெச்சிருக்கேன், இன்னும் என்ன சார் வேணும்?" என்று ஓணான் தலையை ஆட்டினான். சடையாண்டியும் ஆட்டிவிட்டு வந்தான்.

எத்தனை நாள்தான் மனசுக்குள் வைத்துப் புழுங்குவது? ஒருநாள் மத்தியானம், சூலப்பனின் இலையில் ஏழாவது கிழங்கை வைத்துவிட்டு, சடையாண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டான். உண்மையைச் சொல்லிவிடுவோம், மச்சானுக்கு ரோஷம் வந்து கிளம்பினாலும் கிளம்பிவிடுவான் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன நப்பாசையும் இருந்தது. பொய் சொல்வானேன்?

"மச்சான், உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அன்னிக்கு ரூம் புக் ஆயிருச்சுன்னு சொன்னேன்ல? அது பச்சைப் பொய். அப்ப யாருமே புக் பண்ணல."

சூலப்பன் மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"எது மாப்ளே பொய்? கோடை பூரா ஒரு குடும்பம் வருதுன்னு சொன்னீங்க. வந்திருக்கோமா இல்லையா?" சூலப்பன் அவன் முதுகில் தட்டப் போய், முள்ளைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். "உங்களுக்குப் பொய் சொல்லவே தெரியாது. அதனாலதான் எங்க சித்தப்பா, பெரியப்பா எல்லாருகிட்டயும் இந்த எடத்தைப் பத்தி நம்பிச் சொல்லியிருக்கேன். அவங்களும் கெளம்பிட்டாங்களாம். அந்தப் பெரிய கிழங்கை இப்பிடித் தள்ளுங்க."

நீதி: பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது. ஆகவே பொய்யைப் பிறர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டு, நாம் குடும்பத்தோடு சாப்பிடப் போய்விட வேண்டும்.