கடைசி அறையில் ஆள் இருக்கு

"ஆள் இருக்கு."

உள்ளேயிருந்து குரல் வந்ததும் ஆய்வாளர் தட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கழிப்பறையில் இருப்பவரைக் கதவு தட்டித் தொந்தரவு செய்வது அநாகரிகம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் காலையிலிருந்து இதே கதவு, இதே பதில்.

அவர் வந்தது தன் அவசரத்துக்கு இல்லை, அரசாங்க அவசரத்துக்கு. கடற்கரையில் நிற்கும் இந்தப் பொதுக் கழிப்பறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதற்கு முன் சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கை வேண்டும். கழிவு எந்த வழியாகப் போகிறது, இடிக்கும் தூசி கடலில் விழுமா, புது விளக்கின் வெளிச்சத்தில் ஆமைக்குஞ்சுகள் வழி தவறிப் போகுமா என்றெல்லாம் எழுத வேண்டும். ஒவ்வோர் அறையிலும் தண்ணீர் ஓட்டத்தை அளக்க வேண்டும். மூன்றை அளந்தாயிற்று. நடைபாதையின் கோடியில் இருந்த நாலாவது மட்டும் திறந்தபாடில்லை.

"சார், இன்னும் நேரமாகுமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஆள் இருக்கு" என்றது குரல், அதைவிட மரியாதையாக.

குனிந்து கதவின் அடியில் பார்த்தார். பார்க்கக் கூடாதுதான், என்ன செய்வது? மெருகு போட்ட கறுப்பு ஷூ இரண்டு, கதவைப் பார்த்தபடி ஜோடியாக நின்றிருந்தன. உள்ளே போன மனிதர் கதவைப் பார்த்து நின்றுகொண்டு என்னதான் செய்கிறார்? அவ்வளவு கடல்காற்றிலும் ஆய்வாளருக்கு முதுகு வியர்த்தது.

படிக்கட்டில் துப்புரவு அக்கா போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, அந்தக் கோடியில இருக்கிறதை எப்பத்தான் கழுவுவீங்க?"

"என் வேலை மூணு சார். மூணையும் கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன், போய்ப் பாருங்க." அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதில் மாமியார் மருமகளை அறையப் போகிற நேரம்.

"நான் அந்தக் கடைசி..."

"மூணுக்குத்தான் சார் சம்பளம் தர்றாங்க."

ஆய்வாளர் பல்லைக் கடித்துக்கொண்டார். நாலில் மூன்றைக் கழுவிவிட்டு மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் சாமர்த்தியம் தனக்கு வாய்த்திருந்தால் எப்போதோ பெரிய அதிகாரியாகியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் அவர் சாப்பிட உட்கார்ந்தது ஓர் அட்டைப்பெட்டியின் மேல். தட்டு இருந்தது இன்னோர் அட்டைப்பெட்டியின் மேல். கல்யாணமான நாளிலிருந்து மாற்றல் மேல் மாற்றல். பெட்டிகளைப் பிரிப்பதும் கட்டுவதுமாக அலுத்துப்போய், மனைவி அவற்றையே மேஜை நாற்காலியாக்கிவிட்டாள். இந்த ஊரில்தான் முன்னறையில் ஒரு தையல் கடை போட்டிருந்தாள்.

"அறிக்கை முடிஞ்சுதா?"

"ஒரு அறைதான் பாக்கி. உள்ள ஆள் இருக்கு."

"ஒரு நாள் முழுக்கவா?"

"வயித்துக்கு என்னவோ, பாவம்."

மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். "இதோ பாருங்க. மறுபடியும் மாத்தல்னு வந்து நின்னீங்கன்னா, நீங்க மட்டும் போங்க. நான் வரமாட்டேன். இப்பத்தான் நாலு பேர் என்னைத் தேடி வர்றாங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். தனியாக ஓர் ஊரில், தனியாக ஓர் அட்டைப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் இன்ஜினியர் புதுக் கட்டட வரைபடத்தை விரித்தார்.

"மூணை இடிக்கறோம், மூணு கட்டறோம். எண்ணிக்கை மாறாததால சின்ன அறிக்கையே போதும். கையெழுத்தைப் போடுங்க."

"இருக்கிறது நாலு சார்."

"வரைபடத்துல மூணு."

"நேர்ல நாலு."

"நேர்ல போய்ப் பார்க்கறதுக்கா நம்மளை வச்சிருக்காங்க? வரைபடத்தைப் பாருங்க சார்!"

இருக்கிற அறையைக் குறைத்தால் பொதுமக்களைக் கூப்பிட்டு விசாரணை வைக்க வேண்டும் என்பது விதி. அதைத் தவிர்க்கத்தான் இந்த மனுஷன் நாலாவதை வரைபடத்திலிருந்தே விழுங்கிவிட்டார் என்று ஆய்வாளருக்குப் புரிந்தது. கில்லாடி!

விஷயம் மேடத்திடம் போனது. பிரிவுக்கே தலைவியான மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல் அதற்கு மேலாகப் பார்த்தார்.

"நாலுன்னு எழுதினா விசாரணை, ஆட்சேபணைன்னு வருஷக்கணக்கா இழுக்கும். உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் இந்தக் கோப்பை இழுத்தடிச்சார். ஒருநாள் கடற்கரைக்குப் போறேன்னு போனவர், அப்படியே வேலைக்கே வரலை. லீவ் லெட்டர்கூட இல்லை. மாசக் கடைசிக்குள்ள எனக்கு அறிக்கை வேணும். இல்லேன்னா தீவுல ஒரு கிளை இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும். வாரத்துக்கு ஒரு படகு.

ஆய்வாளர் தன் நாற்காலியில் வந்து சாய்ந்தார். முதுகில் வழக்கம்போல அந்தக் குடை இடித்தது. முன்னால் இருந்தவர் மாட்டிவிட்டுப் போன குடை. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நாலாவது அறை இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் இன்ஜினியர் வாயடைத்துப் போவார், பழியும் அவர் தலையில் விழும் என்று கணக்குப் போட்டார். அதற்குச் சாயச் சோதனை இருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறச் சாயத்தைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், பின்னால் இருக்கும் கழிவுத் தொட்டியில் அந்தந்த நிறம் வந்து சேரும். நாலு நிறம் வந்தால் நாலு அறை. யார் மறுக்க முடியும்?

நீலம், பச்சை, மஞ்சள் மூன்றையும் அவரே போட்டார். சிவப்புப் பொட்டலத்தோடு கோடிக் கதவுக்குப் போனார். ஷூ அதே இடத்தில், ஒரு விரற்கடைகூட நகராமல் நின்றது.

"சார், ஒரு சின்ன உதவி. இதை உள்ள போட்டுத் தண்ணி ஊத்த முடியுமா?"

பொட்டலத்தைக் கதவின் அடியில் வைத்தார். அது மெல்ல உள்ளே போனது. கை எதுவும் தெரியவில்லை. பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். அது அறையிலிருந்து வந்த மாதிரி இல்லை, அடியில் எங்கோ ஆழத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது.

கழிவுத் தொட்டிக்கு ஓடினார். நீலம் வந்தது, பச்சை வந்தது, மஞ்சள் வந்தது. சிவப்பு வரவேயில்லை.

அது மறுநாள் காலையில் வந்தது, அவர் வீட்டுக் குழாயில்.

"என்னங்க!" என்ற அலறல் கேட்டு ஓடிப்போனால், மனைவி வாளியின் முன்னால் சிலை மாதிரி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டுத் துணி அத்தனையும் நல்ல ரோஜா நிறத்தில் மிதந்தது.

"குழாய்ல துரு போல" என்றார் ஆய்வாளர். கடற்கரைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஊரே இருக்கிறது. எந்தக் குழாயும் எந்தக் குழாயோடும் சேரவில்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? பல் கிட்டிப்போவதை அவள் பார்க்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"டாக்டருங்கெல்லாம் ரோஸ் கலர் கோட்டுல போவாங்களா? என் கடை போச்சு!" அவள் அழுதுகொண்டே ஓர் அட்டைப்பெட்டியைக் காலால் உதைத்தாள். "உங்க அறிக்கையும் நீங்களும்!"

அவள் அழுவதைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. நேராகக் கடற்கரைக்குப் போய்க் கோடிக் கதவைப் படபடவென்று தட்டினார்.

"ஆள் இருக்கு."

"இருக்கட்டும்! சாயத்தை எங்கேய்யா ஊத்தினே?"

"நீங்க சொன்ன இடத்துலதான்" என்றது குரல் அமைதியாக. "அது எங்க போய்ச் சேருதுன்னு கண்டுபிடிக்கிறது ஆய்வாளர் வேலை. நானும் ரொம்ப நாள் தேடிப் பார்த்தேன்."

"முதல்ல வெளிய வாங்க."

"ஆசைதான். சார்ஜ் எடுத்துக்க ஆள் வரலையே. பொறுப்பை ஒப்படைக்காம இடத்தை விட்டு எப்படி அசையறது?"

ஆய்வாளர் கை அப்படியே நின்றது. இது தெரிந்த பேச்சு. ஒருவர் வந்து பொறுப்பேற்கும்வரை நாற்காலியை விட்டு நகரக் கூடாது என்பது எல்லா அலுவலகத்திலும் உள்ளதுதான். பதிலாள் வராமல் அவரே ஒரு மழைக்காலம் முழுக்க ஓர் ஊரில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறார்.

"நீங்க எந்த ஆபீஸ் சார்?"

"உங்க ஆபீஸ்தான். என் குடை இன்னும் நாற்காலியில தொங்குதா?"

உடம்பெல்லாம் ஒருமுறை புல்லரித்து அடங்கியது. அடங்கியதும் ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இவ்வளவுதானா! காணாமல் போன ஆசாமி. மேடத்துக்குப் பயந்து கழிப்பறையில் ஒளிவது உலகத்தில் இல்லாத அதிசயமா? தானே எத்தனை தடவை ஒளிந்திருக்கிறோம்! சாயம், குழாய் எல்லாவற்றுக்கும் ஏதாவது காரணம் இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆள் கிளம்பினால் போதும்.

"சரி சார், சார்ஜை நான் எடுத்துக்கிட்டேன். கிளம்புங்க."

"பேச்சுக்குச் சொல்றீங்களா, மனசறிஞ்சு சொல்றீங்களா?"

"மனசறிஞ்சுதான் சொல்றேன்."

உள்ளே தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. பாவம், கூச்சப்படுவார் என்று ஆய்வாளர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை நீளமாக விட்டபடி கடந்துபோனார்கள். திரும்பிப் பார்த்தபோது கதவு திறந்திருந்தது, அறை காலி. மணலில் ஷூத் தடம் மட்டும் ரோட்டுப் பக்கமாக, ஓட்டமும் நடையுமாகப் போயிருந்தது.

இனி வீறாப்பு எதற்கு? மாற்றலா, இன்ஜினியரின் பொய்யா என்றால் பொய்யே மேல். 'இருப்பது மூன்று அறை, கட்டப்போவதும் மூன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேடம் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பிரமாதம்! மேலிடத்துலயும் சொல்லிட்டேன். இனிமே இந்த ஊரை விட்டு உங்களை யாராலயும் அசைக்க முடியாது."

அன்று சாயங்காலமே மனைவி அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு, ஒரு நிஜ மேஜை வாங்கிப் போட்டாள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு இருவரும் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் அந்த ரோஜா நிறக் கோட்டுக்கு ஆசைப்பட்டு இன்னும் நாலைந்து தைக்கச் சொல்லியிருந்தார். ஆய்வாளர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

பழையது இடிந்தது, புதியது எழுந்தது. திறப்பு விழாவன்று காலையில் மேடம், இன்ஜினியர், பிரமுகர்கள் எல்லாரும் கடற்கரையில் கூடினார்கள். மனைவி நல்ல புடவையில் வந்திருந்தாள். பிரமுகர்களின் பேச்சு நீண்டுகொண்டே போனது. குடித்த தண்ணீர் ஆய்வாளரைப் பாடாய்ப் படுத்தியது. நாடா வெட்டிய கையோடு பிரமுகர்களுக்கும் அதே நிலைதான் போல. மூன்று அறையும் நிறைந்துவிட்டன.

காலை மாற்றி மாற்றி நின்றவர் எட்டிப் பார்த்தார். நடைபாதையின் கோடியில், கடலை ஒட்டி, நாலாவது கதவு விரியத் திறந்திருந்தது.

அவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வாய்க்கு வாய் சண்டை போட்டாலும், தன் பேச்சை மதித்து இன்ஜினியர் நாலாவதையும் கட்டியிருக்கிறாரே! மனுஷர் நல்லவர்தான்.

"இந்தப் பையைப் பிடி. நாலாவது காலியா இருக்கு, போயிட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

உள்ளே புது ஓடு, புது வாளி, சுண்ணாம்பு வாசனை. தாழ்ப்பாள் மட்டும் துருப்பிடித்த பழசு. கஞ்சத்தனம் போகுமா என்று சிரித்துக்கொண்டே போட்டார். காரியம் முடிந்து கை கழுவித் தாழ்ப்பாளை இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். குனிந்து பார்த்தார். மெருகு போட்ட தன் ஷூ இரண்டும் கதவைப் பார்த்தபடி ஜோடியாக நின்றிருந்தன.

வெளியே ஏதோ 'டொக்'கென்று இடித்தது. யாரோ தட்டுகிறார்கள்! வாயைத் திறந்து கதவைத் திறக்கச் சொல்லத்தான் நினைத்தார்.

"ஆள் இருக்கு" என்றார்.

பக்கத்திலேயே மனைவியின் குரல் கேட்டது. "அக்கா, போட்டோவுக்கு மேடம் கூப்பிடறாங்க. இவரைப் பார்த்தீங்களா? நாலாவது காலியா இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனார்."

துடைப்பத்தைச் சுவரில் இடித்துச் சாத்தியிருந்த துப்புரவு அக்கா சொன்னாள்: "முன்னாடி இருந்த சாரும் இப்படித்தாம்மா நாலாவது நாலாவதுன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சார். பழசுலயும் மூணுதான், புதுசுலயும் மூணுதான். இது வெறும் சுவர்."