கழுத்து முறிந்த அன்னமும் முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறும்

வங்கியை மண்கவ்வ வைக்காமல் தாடியை எடுப்பதில்லை என்று உதயரூபன் சபதம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இடம், நாவற்குடாவில் அவனுடைய படகு எஞ்சின் திருத்தும் கடை. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. சாட்சியில்லாத சபதமாக இருந்தால் நடுவில் கைவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா. அந்தளவுக்கு முன்யோசனை உள்ள ஆள்தான்.

விஷயம் இதுதான். கடைக் கணக்கில் இரண்டு இலட்சம் வரை மேலதிகப் பற்று எடுக்கலாம் என்று வங்கி அனுமதித்திருந்தது. உதயரூபன் எழுதிய ஒரு காசோலை அந்த எல்லையைத் தாண்டி எழுபத்தையாயிரம் அப்பால் போய்விட்டது. காசில்லை என்று வங்கி அதைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. பெரிய மனது பண்ணிக் கொடுத்துவிட்டு, எல்லை தாண்டிய குற்றத்துக்கு நாளொன்றுக்கு அறுநூறு ரூபாய் வெட்டியது. அவன் அங்கே இங்கே புரட்டி அந்த எழுபத்தைந்தை அடைக்க ஐம்பது நாளாயிற்று. அறுநூறு வெட்டுகிறோம் என்று அறிவிக்க வங்கி நாலு கடிதம் போட்டது. கடிதம் ஒன்றுக்கு ஐந்நூறு. ஆக முப்பத்திரண்டாயிரம்.

நேரே போய்ச் சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் அந்தக் காசோலை எதற்கு எழுதியது என்று மனைவி தக்ஷாயினிக்குத் தெரிந்துவிட்டால் முப்பத்திரண்டாயிரம் போனது பெரிய விஷயமாக இருக்காது.

அது ஒரு அன்னத்துக்கு எழுதியது. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல்காரர் கழித்துவிட்ட, காலால் மிதித்து ஓட்டும் அன்னப் படகு. ஆறு பேர் இருக்கலாம். வெள்ளை வெளேரென்று, தெய்வமே இறங்கி வந்து கரையில் குந்தியிருப்பதுபோல இருந்தது. கழுத்து மட்டும் முறிந்து மார்பில் தொங்கியது. ஒரு இலட்சத்து இருபதினாயிரம் என்றார்கள். உதயரூபன் வாய்பிளந்து பார்த்துக்கொண்டே காசோலையில் கையெழுத்து வைத்தான். தார்ப்பாயால் மூடி லொறியில் ஏற்றி, காத்தான்குடியில் இருக்கும் கூட்டாளி றிஸானுடைய வீட்டு வளவுக்குள் இறக்கினார்கள்.

ஒளிக்கக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் இறால் தொட்டி கட்டி, இறாலும் போய்த் தொட்டியும் போனபோது, இனித் தண்ணீரில் காசு போடமாட்டேன் என்று கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் அவன். பக்கத்தில் நின்று கற்பூரத்தைக் கொளுத்திக் கொடுத்தவள் தக்ஷாயினி.

தாடி பத்து நாள் வளர்ந்தது.

"இஞ்சேருங்க, மாலை போட்டிருக்கிறீங்களா?" என்றாள் தக்ஷாயினி. தையல் மெஷினில் நீலமும் வெள்ளையுமாக ஏதோ பெரிய துணி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட யூனிபோர்ம் தைப்பது அவள் தொழில்.

"இல்லையே."

"அப்ப ஆர் செத்த?"

"ஒருத்தரும் சாகல்ல. கடையில வேலை கூட. சவரம் எடுக்க நேரமில்ல."

"பத்து நாளில ஆறு பேர் வந்திரிக்காங்க. அதில ரெண்டு பேர் வழி கேட்டு வந்தவங்க."

உதயரூபன் பேச்சை மாற்றினான். "இது என்ன, யானைக்கு யூனிபோர்மா?"

"தைக்கச் சொல்லி ஓடர்" என்றாள். மெஷின் மறுபடி ஓடியது.

மறுநாள் அவன் அரசாங்கச் செயலகமான கச்சேரிக்குப் பக்கத்தில் மனு எழுதிக் கொடுக்கும் இன்ஷாப்பிடம் போனான். இன்ஷாப் மனு எழுதினால் கல்லும் கரையும் என்று பெயர். கரைந்த கல்லை யாரும் கண்டதில்லை. இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து மூன்று பக்கம் அடித்தார். "மாண்புமிகு ஐயா, தங்கள் வங்கி அடியேனின் தோளில் ஏறி நின்றுகொண்டு, ஏறிய களைப்புக்கும் அடியேனிடமே கூலி கேட்கிறது" என்ற இடத்தில் உதயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு கையெழுத்து வைத்ததால் ஒன்றைக் கவனிக்கவில்லை. வங்கிக் கடிதங்கள் எல்லாம் கடை விலாசத்துக்கே வரும்படி அவன் பார்த்து வைத்திருந்தான். இன்ஷாப் மனுவின் தலைப்பில் அடையாள அட்டையைப் பார்த்து வீட்டு விலாசத்தை அடித்திருந்தார்.

பதில் வந்தபோது அவன் சோற்றுக்கு முன்னால் இருந்தான். தக்ஷாயினி மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்தாள். உறை திறந்திருந்தது. இரண்டே வரி. எல்லை தாண்டிய காசோலை பற்றிய தங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் எடுத்துக்கொண்டோம். இப்பதிலுக்கான கட்டணம் ரூபா ஐந்நூறு தங்கள் கணக்கில் கழிக்கப்பட்டுள்ளது.

"பேங்க்காரன் கொள்ளையடிக்கான்" என்றான் உதயரூபன். "உனக்கு என்னத்துக்குக் கவலையெண்டு சொல்லல்ல."

"என்னத்துக்கு எழுதின செக்?"

"எஞ்சின் சாமானுக்கு."

"என்ன எஞ்சின்?"

"பெரிய எஞ்சின்."

அவள் அவனைப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள். "சரி. நாளைக்கு ரெண்டு பேருமாப் பேங்குக்குப் போவம்."

"நீ என்னத்துக்கு?"

"வீட்டு உறுதி ஆர்ர பேரில?"

அவளுடைய பேரில்தான். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தக்ஷாயினிக்குத் தாய் எழுதிக் கொடுத்த வீட்டுக்கு உதயரூபன் கலியாணத்தன்று ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தவன். சூட்கேசுக்குப் பூட்டும் சரியில்லை. வங்கி மேலதிகப் பற்றைக் கொடுத்ததே அந்த வீட்டின்மேல், அவள் வைத்த ஒப்பத்தின்மேல்தான்.

இரவெல்லாம் அவனுக்குத் தூக்கமில்லை. அங்கே போய்க் காசோலையை எடுத்துப் பார்த்தால் அன்னம் பறந்து வந்து மேசையில் குந்திவிடுமே.

வங்கி மனேஜர் இளம் வயசு. தக்ஷாயினி கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒப்பந்தத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, இது என்ர வீடு. எவ்வளவுக்கு ஒப்பம் வச்சிரிக்கன்?"

"ரெண்டு இலட்சத்துக்கு, அக்கா."

"அதுக்கு மேல ஒரு ரூபா எண்டாலும் என்ர சம்மதம் எடுக்கணும் எண்டு இதில இரிக்கா?"

மனேஜர் வாசித்தார். மறுகா ஒருமுறை வாசித்தார். "ஓம், அக்கா."

"என்னைக் கேட்டீங்களா?"

மனேஜர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

"கேட்டிருந்தா வேணாம் எண்டிருப்பன். செக் திரும்பியிருக்கும். அறுநூறும் இல்ல, கடிதமும் இல்ல. நீங்க கேக்காம விட்ட பிழைக்கு நாங்க எப்பிடித் தம்பி காசு கட்டுற?"

"ஐயா கையெழுத்து வச்ச செக்தானே, அக்கா..."

"அவர் எதிலயும் வைப்பார். அது தெரிஞ்சுதானே என்ர கையெழுத்தையும் வாங்கினீங்க?"

உதயரூபனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மெய் சிலிர்த்தது. இன்ஷாப் மூன்று பக்கத்தில் அசைக்க முடியாத வங்கியை இவள் ஐந்து கேள்வியில் ஆட்டி வைத்துவிட்டாளே. பதினெட்டு வருடமாக இந்த மனுஷியிடமா சோற்றில் உப்புக் கூட என்று வாதாடினோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மனேஜர் உள்ளே போய்க் கொழும்போடு இருபது நிமிடம் கதைத்துவிட்டு வந்தார். முழுக்கத் திருப்பித் தருகிறோம் என்றார். பதில் கடிதத்துக்கு வெட்டிய ஐந்நூறும் சேர்த்து. பிறகு திரையைப் பார்த்து, "இந்தச் செக் பாசிக்குடாவில ஒரு..." என்று தொடங்கினார்.

உதயரூபன் இருமினான். காசநோய்க்காரன்கூட அப்படி இருமியிருக்க மாட்டான்.

"அது கிடக்கட்டும் தம்பி" என்றாள் தக்ஷாயினி.

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. வாசலில் வைத்து, முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறுக்குத் தன் பேரில் ஒரு காசோலை எழுதச் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கடையையே கேட்டிருந்தாலும் எழுதியிருப்பான். பின்னேரமே தாடியை எடுத்தான். வங்கி மண்கவ்வியது உண்மைதானே.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. "வெளிக்கிடுங்க, வாவிக் கரைக்குப் போவம்" என்றாள்.

கரையில் பிள்ளை குட்டிகளோடு சனம் வரிசையில் நின்றது. வரிசைக்கு அப்பால், வாவித் தண்ணீரில், அன்னம் நின்றது. கழுத்து நிமிர்ந்திருந்தது. முதுகின்மேல் நீலமும் வெள்ளையுமாக ஒரு கூடாரம். றிஸான் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டு, இவன் பக்கம் மட்டும் பார்க்காமல் மற்ற எல்லாப் பக்கமும் பார்த்தான். கரையில் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டு, றிஸானுடைய மனைவி றபீக்கா டிக்கட் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"வளவுக்குள்ள இறக்கின அண்டைக்கே அக்காக்குப் போன் கோல் எடுத்துட்டன், அண்ணன்" என்றாள் அவள். "உடுப்புக் காயப்போட இடமில்லாம நான் என்ன செய்யிற?"

உதயரூபன் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினான். "அப்ப முதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் ஏசல்ல?"

"ஏசினா கழுத்து ஒட்டுமா? ஒட்டுறவர் முப்பத்திரெண்டு கேட்டார். கையில காசில்ல. காசு போனாத்தானே நீங்க சபதம் போட்டுத் தாடி வளக்கிற. வளக்கக்குள்ள விளங்கிற்று, எங்கயோ ஒரு காசு வராமக் கிடக்கெண்டு. பேங்க் கடிதம் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இரிந்தன்."

"கோயில்ல பண்ணின சத்தியம்?"

"தண்ணியில காசு போடுறல்ல எண்டு நீங்கதானே பண்ணின. நான் பண்ணல்லயே."

அவன் அன்னத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வெயிலில் இரண்டும் ஒரேயளவு பெரிதாகத் தெரிந்தன. தோற்ற வெட்கம் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்தது, ஆனாலும் நெஞ்சு நிறைந்து போயிற்று. இப்படி ஒரு மனுஷி தன் வீட்டில் இருக்கிறாள் என்று எண்ணி, அது அவளுடைய வீடு என்று உடனே திருத்திக்கொண்டான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, ஆசையோடு ஒரு காலைத் தூக்கி அன்னத்துக்குள் வைத்தான்.

"அண்ணன், டிக்கட்" என்றாள் றபீக்கா. "ஆளுக்கு முந்நூறு."

சட்டைப் பையைத் தடவினான். காசில்லை, காசோலைப் புத்தகம்தான் இருந்தது. ஒரு கௌரவத்தோடு அதை எடுத்துப் பேனையைத் திறந்தான்.

றபீக்கா நிமிர்ந்தும் பாராமல் மேசையிலிருந்த மட்டையை அவன் பக்கம் திருப்பினாள். தக்ஷாயினியின் உருண்டை எழுத்தில் இருந்தது: "இங்கு காசோலை ஏற்கப்படமாட்டாது."