தங்கக் கடற்கரை வேண்டாம்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகம்தானே? அக்காவின் காலில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தாயிற்றா? இங்கே நான் நலம் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நாளிதழில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவனுக்கு, தெரிந்தே ஒரு பிழையை உறைக்குள் போட்டு அனுப்ப மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். ஓய்வுபெற்றதும் உங்கள் தங்கையைத் தீவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? அடுத்த வெள்ளிக்கிழமை கப்பல். எங்கே தங்குவது என்பதில்தான் வினை ஆரம்பித்தது. தீவின் வரைபடத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். கிழக்கே தங்கக் கடற்கரை; மணல் மஞ்சளாக மின்னுமாம், போகிறவர்கள் எல்லாம் அங்கேதான் போய் விழுகிறார்கள். தெற்கே துறைமுக ஊர்; கடைத்தெரு, பஸ் நிலையம், ஒரே இரைச்சல். மேற்கே படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு சின்னக் கரை. ஒன்றில் கொசு, ஒன்றில் கூட்டம், ஒன்றில் அலை வாசற்படி வரை வருகிறது என்று போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்துப் படித்து மண்டை காய்ந்துபோய், அக்காவுக்கு ஒத்தாசையாக உங்கள் வீட்டில் இருக்கும் உங்கள் தங்கையிடமே கேட்டேன். போனில் ஒரு வரிக் குறுஞ்செய்தி வந்தது: "தங்கக் கடற்கரை வேண்டாம். மற்றது உங்கள் இஷ்டம்."

மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாள்முதல் அவள் எழுதும் மளிகைச் சீட்டைக்கூடச் சிவப்புப் பேனாவால் திருத்தி வந்தவன் நான். அதில் ஒருநாளும் விழாத 'க்' இதில் கச்சிதமாக விழுந்திருந்தது. அந்தப் பூரிப்பில் தங்கக் கடற்கரையை வரைபடத்தில் அடித்துவிட்டு, மேற்குக் கரையில் ஆறு நாளைக்கு அறை எடுத்தேன். "சார், நம்ம பக்கம் ஆள் நடமாட்டமே கிடையாது, அதான் ஸ்பெஷலே" என்றார் விடுதி மேலாளர். அதையே பெருமையாக உங்கள் தங்கையிடம் சொன்னேன். அப்புறம் வந்தது பாருங்கள்.

"தங்குறதுக்குக் கடற்கரை வேணாம், ஊருக்குள்ள ரூம் போடுங்கன்னுதானே எழுதினேன்!"

"நான் தங்கம்னுல்ல நினைச்சேன்..."

"நினைப்பீங்க, நினைப்பீங்க. முப்பத்தொரு வருஷம் நீங்க பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிட்டீங்க, நான் சுவத்தோட பேசிக்கிட்டிருந்தேன். ஆறு நாளாவது நாலு மனுஷங்க நடமாடுற எடத்துல இருக்கலாம்னு பார்த்தேன். ஆளில்லாத கரைக்கு நீங்களே போய் அலைக்கு ஒற்றுப் போட்டுட்டு வாங்க. நான் வரல."

தங்கம் என்றாலும் அங்கே 'க்' வரும், தங்குவதற்கு என்ற பொருளில் 'தங்க' என்றாலும் 'க்' வரும். உயிராக நம்பிய இலக்கணமே என் காலை வாரிவிட்டது. உடனே மேலாளருக்கு, "அறையை ரத்து செய்யாமல் இருக்க இயலாத நிலையில் உள்ளேன்" என்று ஒரு பிழையுமில்லாமல் எழுதினேன். அவர், "ரத்து செய்யாததுக்கு ரொம்ப நன்றி சார்" என்று பதில் போட்டு, படகுத்துறையில் என்னை வரவேற்க எழுதிய அட்டையையும் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதில் இரண்டு பிழை. கை சும்மா இருக்குமா? திருத்தி அனுப்பினேன். வருகை உறுதி என்று எடுத்துக்கொண்டார். கடைசியில் போன் போட்டு "வரல, வரல, வரல" என்று மூன்று தரம் கத்திய பிறகுதான் ரத்தானது. அறையும் அன்றைக்கே ஒரு புதுமண ஜோடிக்குப் போய்விட்டது. இப்போது துறைமுக ஊரில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறை எடுத்திருக்கிறேன். கீழே பாத்திரக்கடை, பக்கத்தில் தையற்கடை. "ஜன்னலத் தொறந்தா போதும், யாராவது பேச்சுக் குடுப்பாங்க" என்று விடுதிக்கார அம்மா சொன்னார்.

மச்சான், உங்கள் தங்கை சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை. அவள் வராவிட்டால் நானும் போவதாக இல்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். ஊருக்குள் அறை போட்டாயிற்று என்று எடுத்துச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள்.

அக்கா எழுந்து நடமாட வேண்டும், உங்கள் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல கையெழுத்தோடும் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மச்சான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் தங்கையே போன் செய்தாள். "ஊருக்குள்ள ரூம் கீம் போட்டுடாதீங்க. யோசிச்சுப் பார்த்தேன். அங்க போனா நீங்க கடை கடையா நின்னு போர்டுல பிழை பார்ப்பீங்க. அந்த ஆளில்லாத கரையே இருக்கட்டும். அங்க படிக்க போர்டும் இல்ல, பேச வேற ஆளும் இல்ல. ஆறு நாளும் நீங்க என்கிட்டதான் பேசியாகணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அறை கைவிட்டுப் போனதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் அவளிடம் சொல்லவேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். அந்தப் புதுமண ஜோடியின் எண்ணை மேலாளரிடம் வாங்கிவிட்டேன். ஊருக்குள் இருக்கும் என் அறையை எடுத்துக்கொண்டு கரையை விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சப் போகிறேன். இந்த முறை எழுத மாட்டேன் மச்சான். வாயைத் திறந்து பேசுவேன்.