கிருமியின் பூர்வீகம் குறித்து எங்கள் ஊர் எடுத்த தீர்மானம்

"நீ எந்தக் கட்சி, வௌவாலா, ஆய்வுக்கூடமா?" என்று கசாப்புக்கடை தோயின் ஒருமுறை என்னைக் கேட்டார். ஊர் மன்றத்தில் அவருக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன். "பாவம், படிப்பைப் பாதியில விட்ட பொண்ணு," என்று எனக்காக வருந்திவிட்டு, இன்னொரு தொத்திறைச்சி ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

கொள்ளைநோய்க் கிருமி எங்கே பிறந்தது என்று உலக விஞ்ஞானிகள் திணறிக்கொண்டிருந்த வேளையில், அதை ஓட்டெடுப்பில் முடித்துவைக்கத் துணிந்த ஒரே ஊர் எங்கள் ஊர்தான். நெதர்லாந்தின் தெற்கே, பிராபன்ட் மாகாணத்தில், வியாழக்கிழமைதோறும் உண்மை எங்கள் மன்றத்துக்கு வந்து காத்திருந்தது.

மன்றத் தலைவர் வில்பெர்ட், தரை ஓடு வியாபாரி. சீனாவுக்குப் போனதில்லை. ஆனாலும் வூஹான் சந்தையில் எந்தக் கூண்டு எந்த மூலையில் இருந்தது என்று பலகையில் வரைந்து காட்டுவார். அங்குள்ள ஆய்வுக்கூடத்தின் பூட்டைப் பற்றியும் அவருக்கு 'ஆழ்ந்த கவலை' உண்டு.

"என்னத்தையெல்லாம் திங்கறானுங்க!" என்பார் தோயின். பன்றி ரத்தத்தைக் குடலில் அடைத்த தொத்திறைச்சிக்கும் மாட்டு நாக்குக்கும் பேர்போனது அவர் கடை.

"தின்னதுல வரலய்யா, குடுவையிலேருந்து தப்பிச்சிருக்கு," என்பார் பூக்கடை ரீனஸ்.

"ஆதாரம்?"

"ஒரு ஆதாரமும் இல்ல பாரு, அதான் ஆதாரம். மறைச்சுட்டானுங்க!"

கைதட்டல் அடங்க நேரமாகும்.

தீர்மானம் நிறைவேற இருந்த அன்று லுட்வினா எழுந்து நின்றாள். கொள்ளைநோய் வந்த வசந்தத்தில் அவள் அப்பா எங்கள் முதியோர் இல்லத்தில் இறந்தார். "நீங்க அடிக்கடி வந்து போனதுல தொத்தியிருக்கலாம்," என்று இல்லத்து நிர்வாகி அப்போதே அவளிடம் அனுதாபத்தோடு சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவள் யார் கையையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"வில்பெர்ட், ஒரே ஒரு கேள்வி," என்றாள். "கார்னிவல் அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல் இருந்துச்சா?"

வசந்தத்துக்குச் சற்று முன் வரும் கார்னிவல் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஓர் இளவரசரைத் தேர்ந்தெடுத்து, இறகுத் தொப்பி மாட்டி, ஊரையே அவர் கையில் கொடுப்போம். இளவரசர் முதியோர் இல்லத்துக்குப் போய், ஒவ்வொருவர் கழுத்திலும் பதக்கம் போட்டு, கன்னத்தில் மூன்று முத்தம் தருவது மரபு. அந்த ஆண்டு இளவரசர் வில்பெர்ட். ஓடு வாங்க, அப்போது நோய் பரவத் தொடங்கியிருந்த இத்தாலியின் மிலான் பக்கம் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். முகம் சிவந்து, வியர்வை வழிய, இருமிக்கொண்டே ஒரு கன்னத்தையும் விடாமல் கடமையாற்றினார்.

"கேள்வி தலைப்பை விட்டு வெளிய போகுது, லுட்வினா. நாம கிருமி எங்கேருந்து வந்துச்சுன்னு பேசிட்டிருக்கோம்."

"நானும் அதைத்தான் கேக்கறேன். நம்ம ஊருக்கு எங்கேருந்து வந்துச்சு?"

மன்றம் திடுக்கிட்டது. "ஆதாரமில்லாம ஒரு மனுஷனைக் குத்தம் சொல்லலாமாம்மா?" என்றார் ரீனஸ். ஒரு தேசத்தையே ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டிக் களைத்திருந்த மனிதர்.

"குத்தம் சொல்ல வரல. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். எங்கப்பாவைக் கொன்னது நானில்லைன்னு நெனச்சுத் தூங்குவேன்."

"அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கு?" என்றார் வில்பெர்ட். உலகத்தின் மறுகோடியில் எந்தக் கூண்டில் எந்த விலங்கு தும்மியது என்று அறிந்த அறிவு, தன் நெற்றி சுட்டதா என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது.

லுட்வினாவின் கேள்வி 'அறிவியலுக்குப் புறம்பானது' என்று தள்ளுபடி செய்ய ஓட்டு எடுத்தார்கள். மன்றம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. உயர்த்திய எல்லாரும் அன்று அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்தவர்கள். அதை மறக்கத்தான் வாராவாரம் சீனாவரை போய்வந்தார்கள்.

முன் வரிசையில் ஒரு கை மட்டும் மடியிலேயே இருந்தது. வில்பெர்ட்டின் மனைவி மரியெட்.

"என்ன மரியெட், கை வலியா?" என்றார் வில்பெர்ட். எல்லாரும் சிரித்தார்கள். "நீயே சொல்லேன் இவங்களுக்கு. அன்னைக்கு எனக்கு ஒண்ணுமில்லதானே?"

மரியெட் அவரைப் பார்த்தாள். லுட்வினாவைப் பார்த்தாள். எழுந்து, கோட்டுப் பொத்தான்களை நிதானமாகப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.